அழுத்தினால் அடங்காத ஷவர்

கேள்வி: குளியலறையில் ஒற்றைக் கைப்பிடி மிக்சர். எவ்வளவு அழுத்தி மூடினாலும் ஷவர் சொட்டுகிறது. முழுசாக மாற்றிவிடலாமா, ஐயா?
– வாசகி ஒருவர், நிரவி, காரைக்கால்

பதில்: முதலில் அழுத்துவதை நிறுத்துங்கள் அம்மா! கடலோர ஊர், போர் தண்ணீரில் உப்பு. கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் பீங்கான் தகடுகளில் வெள்ளைக் காறை படிந்து கீறியிருக்கும். அழுத்த அழுத்தக் கீறல்தான் ஆழமாகும். பித்தளை உடம்பு நன்றாக இருந்தால் கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றினால் போதும்.

கீசரை அணைத்து ஆறவிடுங்கள். மாடித் தொட்டி வால்வை மூடி, மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். கைப்பிடித் திருகைக் கழற்றும் முன் வடிகால் ஓட்டையைத் துணியால் அடையுங்கள். உள்ளே விழுந்தால் அரசலாற்றில் விழுந்த மாதிரிதான்.

பழைய கார்ட்ரிட்ஜைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். 35, 40 மி.மீ. என்று அளவு மாறும். காரைக்கால் அம்மையார் வேண்டியதும் மாங்கனி வந்த ஊர்தான், ஆனாலும் கார்ட்ரிட்ஜுக்கு மாதிரி காட்டியாக வேண்டும்.

மிக்சரையே மாற்றுவதானால், சுவர்க் குழாய்கள் இரண்டுக்கும் மையத்துக்கு மையம் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 150 மி.மீ. இருக்கும். டெஃப்லான் டேப்பைப் புரி ஏறும் திசையிலேயே சுற்றுங்கள். இடது சுடுதண்ணீர், வலது பச்சைத்தண்ணீர். மாற்றி மாட்டினால் முதலில் சுட்டுக்கொள்வது வீட்டுக் குழந்தைதான்.