தோண்டினால்தான் தெரியும்

செஞ்சியில் வீடு கட்டுகிறவர்களுக்கு இன்ஜினியர் இல்லாமல்கூட வேலை நடந்துவிடும். ஜேசிபிக்காரர் இல்லாமல் ஒரு செப்டிக் டேங்க் குழிகூட எடுக்க முடியாது. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்ற இங்கிலாந்துக்காரர் 1945-ல் கம்பெனி ஆரம்பித்து, தன் பெயரின் முதலெழுத்துகளை அதற்கு வைத்தார். 1979-லிருந்து அந்த மஞ்சள் வண்டியை இந்தியாவிலும் செய்கிறார்கள். அதெல்லாம் கம்பெனிக் கதை. கூட்ரோட்டில் நின்று "ஜேசிபி எங்கே?" என்று கேட்டால், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இந்த மனிதரைத்தான் காட்டுவார்கள்.

ஆளைப் பார்த்தால் மண்வேலை செய்கிறவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ராசிக்கல் மோதிரம், இரண்டு போன். மண்ணும் புழுதியும் ஆபரேட்டர் பையனின் பங்கு. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். அதில் நம் பெயரை அவர் எழுதிக்கொள்ளும்போது சர்க்கார் உத்தியோகம் கிடைத்ததுபோல ஒரு நிம்மதி வரும். அதே பக்கத்தில், அதே தேதிக்கு, நமக்கு மேலே எத்தனை பேர் என்று மட்டும் எட்டிப் பார்க்கக் கூடாது.

"முடியாது" என்று அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. அதற்கு நியாயமான காரணம் உண்டு. வண்டி விலை 30 லட்சத்தைத் தாண்டும். மாசம் பிறந்தால் டியூ. ஓடுகிற ஒவ்வொரு மணிக்கும் ஐந்தாறு லிட்டர் டீசல். ஆபரேட்டருக்குச் சம்பளம் போகப் பேட்டா. நிற்கிற வண்டி அவர் நெஞ்சின் மேல் நிற்கிறது. அதனால் யார் கேட்டாலும் "செஞ்சிடலாம் சார்" என்கிறார். யாருக்கு முதலில் செய்வது என்பதை, யார் அதிகம் கத்துகிறார்கள் என்பதை வைத்து முடிவு செய்கிறார். நாகரிகமாகப் பேசுகிறவர்கள் வீட்டுக்கு வண்டி வந்து நான் பார்த்ததில்லை.

என் மச்சான் சிங்கவரம் சாலைப் பக்கம் மனை வாங்கி வீடு ஆரம்பித்தபோது, இந்தப் போன் பேச்சுகளைப் பக்கத்தில் இருந்து கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. "கிளம்பியாச்சு சார். தோ, பங்க் தாண்டிட்டான்." பங்க் தாண்டியவன் பொழுது சாயும்வரை தாண்டிக்கொண்டே இருந்தான். மறுநாள் கேட்டால், "மேல்மலையனூர் ரோட்டுல வண்டி நவுரலை சார், அமாவாசைக் கூட்டம்" என்றார். காலண்டரில் அன்றைக்குச் சப்தமி.

இந்த ஊருக்குக் காத்திருப்பு புதிதில்லை. ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் 1690-ல் வந்து கோட்டைக்கு வெளியே உட்கார்ந்தார். உள்ளே போக 1698 ஆயிற்று. போய்ப் பார்த்தால், அவர் பிடிக்க வந்த மராட்டிய மன்னர் ராஜாராம் கிளம்பிப் போயிருந்தார். மச்சானுக்கு இதைச் சொல்லி ஆறுதல்படுத்தப் பார்த்தேன். எடுபடவில்லை.

ஜேசிபிக்காரரின் முழுத் திறமையையும் பார்க்க வேண்டுமென்றால் வாஸ்து நாளில் பார்க்க வேண்டும். வாஸ்து பகவான் வருஷத்தில் எட்டு நாள்தான் கண் விழிக்கிறார். ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனியில் அதுவும் கிடையாது. விழித்தால் ஒன்றரை மணி நேரம். பல் விளக்க, குளிக்க, பூஜைக்கு, சாப்பாட்டுக்கு, தாம்பூலத்துக்கு என்று ஒவ்வொன்றுக்கும் 18 நிமிஷம். இதில் சாப்பாடும் தாம்பூலமும் ஆகிற கடைசி 36 நிமிஷம்தான் பூமி பூஜைக்கு விசேஷம் என்று பஞ்சாங்கக்காரர்கள் சொல்கிறார்கள். செஞ்சி வட்டாரத்தில் கடக்கால் எடுக்க நினைக்கும் அத்தனை பேரும் அந்த 36 நிமிஷத்துக்குள் முதல் பக்கெட் மண் விழ வேண்டும் என்பார்கள். அத்தனை பேருக்கும் அவர் வாக்குக் கொடுத்திருப்பார். வண்டியோ இரண்டு. அதில் ஒன்றுக்கு ஹைட்ராலிக் ஓஸ் ஒழுகும்.

மனுஷன் அசரவில்லை. வண்டி ஒவ்வொரு மனையாகப் போகும். ஈசானிய மூலையில் ஒரே ஒரு பக்கெட் அள்ளிப் போடும். ஐயர் மணி அடித்து முடிக்குமுன் அடுத்த தெருவில் நிற்கும். "முகூர்த்தத்துல கை வச்சாச்சு. மீதிய எப்ப வேணா எடுத்துக்கலாம் சார், சாமி ஒண்ணும் சொல்லாது." மீதியை எடுக்க அவர் வருவதற்குள், முதல் பக்கெட் விழுந்த பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கித் தவளை குடும்பம் நடத்தும்.

அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் கரையேறி, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியபோது, யாரும் கூப்பிடாமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். தெருவில் நின்ற தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டிவிட்டார். காசு வாங்கவில்லை. அன்றிலிருந்து வாடகையில் நூறு ரூபாய் குறைக்கச் சொன்னால், அந்த ராத்திரிக் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். கேட்கிறவர்கள் நூறு ரூபாயைக் கூடுதலாகவே கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

வண்டி ஒருவழியாக மனைக்கு வந்த பிறகு அவர் ஜோசியராகிறார். காலால் மண்ணைத் தட்டி, குனிந்து ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்து, "ரெண்டடிதான் சார் மண்ணு. அப்பால எல்லாம் தேசிங்கு ராஜா கல்லு" என்பார். சுற்றிலும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையும் கருங்கல் உருண்டைகளாக அடுக்கி நிற்கும் ஊரில் இதைச் சொல்லப் பெரிய ஞானம் வேண்டாம். ஆனால் பாறை வந்தால் பக்கெட்டைக் கழற்றிப் பிரேக்கர் மாட்ட வேண்டும். அதற்கு மணி வாடகை தனி. பாறை வராமல் போனாலோ, "உங்க அதிர்ஷ்டம் சார்" என்று அதிர்ஷ்டத்துக்கு ஒரு தொகை எதிர்பார்ப்பார். கோட்டையைச் சுற்றியிருக்கும் 80 அடி அகல அகழியைக் காட்டி ஒருமுறை சொன்னார்: "அந்தக் காலத்துல மணிக் கணக்கு இருந்திருந்தா ராஜா கோட்டைய எங்கிட்ட எழுதிக் குடுத்திருப்பாரு."

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர்களின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று செஞ்சி. ஊரே பெருமைப்பட்டது. இவர் பெருமையோடு வாடகையையும் கொஞ்சம் ஏற்றினார். பழைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வாங்க வேண்டும் என்பது 2010-லிருந்து இருக்கிற சட்டம். அதைப் பல வருஷம் காதில் போட்டுக்கொள்ளாதவர், இப்போது கோட்டையே கண்ணில் படாத மனையில்கூட, "யுனெஸ்கோ பாத்துக்கினு இருக்கான் சார், ரிஸ்க் எடுத்துத்தான் பண்றேன்" என்கிறார். சட்டத்தை மதிக்க அவர் எடுத்துக்கொண்ட வழி இது.

மச்சான் மனையில் மூன்றாவது அடியில் பக்கெட் பல்லில் 'ணங்' என்று ஏதோ பட்டது. அவ்வளவுதான், தெருவே வேலி ஓரத்துக்கு வந்துவிட்டது. 1714-ல் தேசிங்கு ராஜா போர்க்களத்தில் விழுந்த நாளிலிருந்து, அவர் புதைத்துவைத்த பானை நம் வீட்டுக் கொல்லையில்தான் இருக்கிறது என்று செஞ்சியில் ஒவ்வொரு குடும்பமும் நம்புகிறது. ஆபரேட்டர் பையன் இன்ஜினை அணைத்துவிட்டுக் குதித்தான். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும், 1878-லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டிருக்கிறான் என்று நான் தெரிந்ததைச் சொல்லிவைத்தேன். "பத்துக்கு மேலன்னா கலெக்டருக்கு. கீழன்னா பையனுக்கு டீ" என்று ஜேசிபிக்காரர் அங்கேயே பங்கு பிரித்தார்.

வெளியே வந்தது பாதி உடைந்த குழவிக்கல். கறுப்புக் கல்லின் நடுவே நாமம்போல ஒரு வெள்ளை ரேகை. எந்தக் காலத்தில் எந்த மாமியார் உடைத்ததோ. எதிர்வீட்டு அம்மா மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் கலைந்தார்கள். குழவியும் மண்ணோடு டிப்பரில் ஏறிப் போனது.

டிப்பரில் போகிற மண்ணுக்கு ஒரு பொருளாதாரம் உண்டு. மண்ணை அப்புறப்படுத்த மச்சான் லோடுக்கு இவ்வளவு என்று இவருக்குக் கொடுக்க வேண்டும். அதே மண்ணைப் பள்ளமான மனை வாங்கியவர் லோடுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறார். இரண்டு பக்கமும் காசு வாங்குவது சரியா என்று கேட்டதற்கு, "அவரு பள்ளம் வேணாங்கிறாரு, நீங்க மேடு வேணாங்கிறீங்க. ரெண்டு பேருக்கும் உபகாரம்தானே சார்" என்றார். பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

கணக்குப் பார்க்கும்போது கொஞ்சம் இழுபறி. கொட்டகையை விட்டு வண்டி கிளம்பினதிலிருந்து மணி ஓடுகிறதா, பக்கெட் மண்ணில் பட்டதிலிருந்தா என்பது ஒன்று. நகர்த்தும்போது பக்கத்து வீட்டு மதிலில் உரசி விட்ட விரிசல் இன்னொன்று. "அது முன்னாடியே இருந்துது சார்" என்று அவர் சொல்லும்போது, மதிலிலிருந்து உதிர்ந்த சிமெண்டுத் தூள் ஆபரேட்டர் பையன் தலையில் இருந்தது.

மேஸ்திரி வந்தது அதற்கப்புறம். குழிக்குள் டேப்பை விட்டுப் பார்த்தார். மேலே வந்து பீடி பற்ற வைத்தார். "யாரு சார் எடுத்தது? அஞ்சடி கேட்டா ஏழடி எடுத்து வச்சிருக்கான். ரெண்டடிக்குக் கிராவல் அடிச்சு, தண்ணி ஊத்தி, இடிச்சுக் குடுத்தாத்தான் நான் கம்பி கட்டுவேன்."

கிராவலுக்கு யாரைக் கூப்பிடுவது? செஞ்சியில் அதற்கும் அவர்தான். ஆச்சரியமாக, அன்றைக்குச் சொன்ன நேரத்துக்கே வண்டி வந்தது. டிப்பர் தொட்டியைத் தூக்கியது. செம்மண் சரசரவென்று சரிய, கடைசியில் உருண்டு வந்து மச்சான் செருப்பருகே நின்றது, வெள்ளை நாமம் போட்ட பாதிக் குழவி.

மச்சான் அதைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"ஒரிஜினல் கோட்டை மண்ணு சார்" என்றார் ஜேசிபிக்காரர், நோட்டை எடுத்து லோடைக் குறித்துக்கொண்டே. "வெளியூர் மண்ணு நான் போடறதே இல்ல."