பெட்டியில் இல்லாத விமானம்

பெட்டியின் மேல் எந்த விமானத்தின் படம் அச்சிடப்பட்டிருக்கிறதோ, அந்த விமானம் ஒன்றைத் தவிர வேறு எதையும் அந்தப் பெட்டியிலுள்ள துண்டுகளைக் கொண்டு செய்துவிடலாம் என்று திடமாக நம்புகிற மனிதர்கள் சிலர் இவ்வுலகில் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் மாதிரி விமானங்களைக் கட்டும் பொழுதுபோக்கில் ஈடுபட்ட பெருங்கூட்டத்துக்குள்ளே இவர்கள் ஒரு தனி ரகம். சாமானியர்கள் கிட் வாங்குவார்கள்; உடன் வரும் குறிப்புத்தாளில் 1 என்று எண் போட்ட படத்தில் ஆரம்பித்து, சொன்னதைச் சொன்னபடி ஒட்டி, சாயம் பூசி, அலமாரியில் வைத்துவிட்டு, மறுநாள் காலை நிம்மதியாக வேறு ஜோலியைப் பார்க்கப் போய்விடுவார்கள். நம் சித்திரத்துக்கு உரியவரோ, குறிப்புத்தாள் கைக்கு வந்ததும் அதைத் திருப்பிப் போட்டு, காலியாக இருக்கும் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட ஆரம்பிக்கிறவர்.

இந்த ரகத்துக்கு இங்கிலாந்தைவிடச் செழிப்பான விளைநிலம் வேறில்லை. அசலில் 72-இல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் விமானக் கிட்டுகளை 1936-ஆம் வருஷத்திலேயே ‘பெங்குவின்’ என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்த தேசம் அது. பறக்காத சாமானுக்குப் பறக்காத பறவையின் பெயரைச் சூட்டிய அந்த வியாபார நாணயத்தை மெச்சத்தான் வேண்டும். இன்றைக்கும் வருஷந்தோறும் நவம்பர் மாதத்தில் டெல்ஃபர்ட் நகரத்துக் கண்காட்சி மண்டபத்தில் கூடுகிற கூட்டத்தைப் பார்த்தால், நடுவயது தாண்டிய கனவான்கள் இடுப்பை வளைத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மேஜை மேல் இருக்கும் ஒரு சாண் விமானத்தின் வயிற்றுப் பாகத்தைச் சிரத்தையுடன் உற்று நோக்கும் காட்சியைக் காணலாம். அப்படி நோக்கிவிட்டு, நிமிர்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் தலையை மட்டும் ஆட்டுகிறாரே, அவர்தாம் நம் நண்பர்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், சாது, ஊரில் யாருக்கும் ஒரு தீங்கும் நினையாதவர். மாடியில், பிள்ளை படித்துப் பெரியவனாகிக் காலி செய்துவிட்டுப் போன அறையே அவருடைய கர்மபூமி. அங்கே தரையிலிருந்து கூரைவரை, இன்னும் கட்டப்படாத கிட்டுகளின் பெட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இத்தனையையும் கட்டி முடிப்பதற்கு மனித ஆயுள் போதாதே என்று அவருடைய மனைவி ஒரு சமயம் பிரஸ்தாபித்தபோது, கட்டுவதற்காக வாங்கியவை அவற்றுள் மிகச் சிலவே என்றும், மற்றவை அந்தச் சிலவற்றுக்கு வேண்டிய உறுப்புகளை அறுத்துக்கொள்வதற்காக வாங்கியவை என்றும் அவர் விளக்கினார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு அந்த விஷயத்தைப் பற்றிப் பேசவில்லை.

அவருடைய இஷ்ட தெய்வம் பான்டம் என்னும் ஜெட் போர்விமானம். 1958-ஆம் வருஷம் மே மாதத்தில் அமெரிக்காவில் முதன்முதலாகப் பறந்து, ஜப்பானில் செய்தவற்றையும் சேர்த்து மொத்தம் 5,195 வரை உற்பத்தியான விமானம் அது. இறக்கையின் நுனி மேல்நோக்கி மடங்கியும், வாற்பகுதிச் சிறகுகள் கீழ்நோக்கிச் சரிந்தும் இருக்கும் அதன் ரூபத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். நம் போன்றவர்களுக்கு எல்லாப் பான்டமும் ஒரே பான்டம். அவருக்கோ ‘பி’ என்பது ஒன்று, ‘ஜே’ என்பது முற்றிலும் வேறொன்று. முன்னதன் மூக்கின் அடியில் ஒரு சிறு புடைப்பு உண்டு, பின்னதற்கு இல்லை. பின்னதன் சக்கரங்கள் அகலமானவையாதலால் அவை மடங்கி உள்ளே போவதற்காக இறக்கையின் அடிவாரம் சற்று உப்பியிருக்கும், முன்னதற்கு அப்படியில்லை. ‘ஈ’ என்பதற்கோ மூக்கே நீண்டு அதனுள் பீரங்கி ஒன்று குடியேறிவிட்டது. அசலில் 72 மில்லிமீட்டர் இருப்பது மாதிரியில் ஒரு மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டருக்காக அவர் ஒரு மழைக்காலம் முழுவதையும் தத்தம் செய்யச் சித்தமாயிருக்கிறார்.

அவர் கையில் எடுத்தது ஜப்பானிய ஹஸேகாவா நிறுவனத்தாரின் எஃப்-4ஜே. அமெரிக்கக் கடற்படைக்கு உரிய அந்த விமானத்தை, ‘ஆர்க் ராயல்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்த பிரிட்டிஷ் கடற்படைப் பான்டமாக மாற்றிவிடுவது என்று அவர் சங்கற்பம் செய்துகொண்டார். பிரிட்டிஷ் பான்டத்தை மாட்ச்பாக்ஸ் கம்பெனியாரும் புஜிமி கம்பெனியாரும் வெகுகாலத்துக்கு முன்பே கிட்டாக வெளியிட்டிருக்கிறார்களே என்று யாரும் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டையும் அவர் வாங்கி வைத்திருக்கிறார். ஆனால் பிரிட்டிஷ் பான்டத்திலிருந்து பிரிட்டிஷ் பான்டம் செய்வதில் என்ன புருஷார்த்தம் இருக்கிறது என்பது அவருடைய கட்சி.

இதில் அவருக்கு ராஜாங்க முன்மாதிரியே இருந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். நன்றாகப் பறந்துகொண்டிருந்த ஓர் அமெரிக்க விமானத்தை 1960-களில் விலை பேசிய பிரிட்டிஷ் சர்க்கார், அதை உள்ளபடி வாங்கிக்கொள்ள மனமின்றி, எஞ்சின் மட்டும் நம் தேசத்து ரோல்ஸ் ராய்ஸ் ‘ஸ்பே’யாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. ஸ்பே பருமனானது; அமெரிக்க எஞ்சினைவிட அதிகக் காற்றை விழுங்குவது. ஆகவே காற்று புகும் வாய்களை அகலப்படுத்தினார்கள். வாய் அகன்றதால் உடலைப் பெருக்கினார்கள். பின்பாகத்தைத் திருத்தி அமைத்தார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் விலை ஏறிற்று. கடைசியில் கிடைத்த விமானம், கிளம்புவதிலும் தாழப் பறப்பதிலும் சாமர்த்தியம் காட்டியதென்றாலும், உயரத்தில் வேகமாகப் பறப்பதில், சக்தி குறைந்த எஞ்சினைக் கொண்ட தன் அமெரிக்கச் சகோதரனுக்குப் பின்தங்கிவிட்டது. ஒரு சர்க்காரே செய்யத் துணிந்த காரியத்தை, தம் சொந்தப் பணத்தில், தம் வீட்டு மாடியில், யாருக்கும் வரி விதிக்காமல் ஒருவர் செய்வதை எப்படிக் குறை கூறுவது?

காரியம் அறுவையில் ஆரம்பிக்கிறது. பிளேடு போன்ற மெல்லிய ரம்பத்தால் விமானத்தின் உடலை நீளவாக்கில் பிளந்து, இடுப்புப் பெருத்தவருக்குப் பழைய சட்டையைப் பிரித்து இரு பக்கமும் துணி கொடுத்துத் தைக்கிற தையற்காரரைப் போல, இடைவெளியில் வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டையைச் சொருகி ஒட்டுகிறார். ஒட்டியது காய்ந்ததும் மேடும் பள்ளமுமாக நிற்கிறது. பட்டி பார்த்து, காய விட்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, விரல்நுனியால் தடவி, பெருமூச்சு விட்டு, மறுபடியும் பட்டி பார்க்கிறார். தேய்த்த தேய்ப்பில், உலோகத் தகடுகளின் இணைப்பைக் காட்டும் மெல்லிய கோடுகள் அழிந்துபோகின்றன, அவற்றை ஊசியால் மீண்டும் கீறுகிறார், ஊசி வழுக்குகிறது, வழுக்கின இடத்தில் பட்டி. இந்தச் சுழலிலேயே மாதங்கள் போய்விடும். இதற்கிடையில் மூக்குச் சக்கரத்தின் கால் வேறு இருக்கிறது. கப்பலின் கவண் விசையால் வானில் எறியப்படும்போது பிரிட்டிஷ் பான்டம் அண்ணாந்து நிற்க வேண்டுமென்பதற்காக அதன் முன்காலை 40 அங்குலம் நீட்டும்படி அமைத்திருந்தார்கள். அது மாதிரியில் 14 மில்லிமீட்டர். அந்தக் காலைத் துண்டித்து, நடுவே உலோகக் கம்பி வைத்து நீட்டும் வேளையில், அதன் முனையிலிருந்த கடுகளவு உறுப்பு இடுக்கியிலிருந்து தெறித்துத் தரைக் கம்பளத்துக்குள் போய் மறைந்தது. கம்பளத்துக்குள் போனது எதுவும் திரும்பி வந்ததாக இந்தக் கலையின் சரித்திரத்தில் இல்லை.

வேலை நடக்காத நாட்களில் ஆராய்ச்சி நடக்கும். வால் உச்சியில் ரேடார் எச்சரிக்கைக் கருவியின் பெட்டி எழுபதுகளில் பின்னால் வந்து சேர்ந்ததாகையால், வருஷத்தை நிர்ணயிக்காமல் வாலைத் தொட முடியாது. ‘ஆர்க் ராயல்’ கப்பலிலிருந்து பறந்த 892-ஆம் படைப்பிரிவு, இனிக் கடற்படையில் இத்தகைய படைப்பிரிவு வரப்போவதில்லை என்ற எண்ணத்தினால், கிரேக்க நெடுங்கணக்கின் கடைசி எழுத்தாகிய ஒமேகாவைத் தன் விமானங்களின் வாலில் பொறித்துக்கொண்டது. அதே படைப்பிரிவின் பான்டம் ஒன்று 1969 மே மாதத்தில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 47 நிமிஷத்துக்குள் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து வந்தது. நம் நண்பருடைய பான்டம் மேஜையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு வருவதற்குள் அவருடைய பேரன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டான்.

ஆனால் அவருடைய உண்மையான சங்கடம், வேலை முடிகிற சமயத்தில்தான் தலைகாட்டிற்று. மாற்று வேலை எவ்வளவுக்கெவ்வளவு கச்சிதமாக அமைகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு அதைச் செய்ததே யாருக்கும் தெரியாமல் போய்விடும். சாயத்தைப் பூசிவிட்டால், அத்தனை பிளப்பும் ஒட்டும் தேய்ப்பும் ஒரே சாம்பல் நிறத்துக்குள் மறைந்து, பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டிய பொம்மைக்கும் இதற்கும் வித்தியாசமில்லாமற் போகும். கண்காட்சியில் யாராவது ஒரு புண்ணியவான் வந்து, ‘நல்ல கிட்டாக இருக்கிறதே, எங்கே வாங்கினீர்கள் ஐயா?’ என்று கேட்டும் வைப்பான். ஆகையால் அவர் சாயமே பூசவில்லை. கிட்டின் சாம்பல் நிறமும், சொருகின பட்டையின் வெண்மையும், பட்டியின் பச்சையும் திட்டுத்திட்டாகத் தெரிய, அம்மை வார்த்த உடம்போடு அந்த விமானம் டெல்ஃபர்ட் மேஜையின் மேல் நின்றது. விஷயம் தெரிந்தவர்கள் நின்று நமஸ்கரித்தார்கள். தெரியாதவர்கள், பாவம், முடிக்க முடியவில்லை போலும் என்று அனுதாபப்பட்டார்கள்.

அங்கேதான் ஓர் இளைஞர், நல்லெண்ணத்துடன், ஒரு யோசனை சொன்னார். பால்க்லாந்துத் தீவுகளுக்கு ஒரு பான்டம் படைப்பிரிவை அனுப்பிவிட்டதால் உண்டான குறையை ஈடுகட்ட, அமெரிக்கக் கடற்படை உபயோகித்த 15 எஃப்-4ஜே விமானங்களை 1984-இல் பிரிட்டிஷார் எஞ்சினைக்கூட மாற்றாமல் வாங்கி, 74-ஆம் ஸ்குவாட்ரனுக்குக் கொடுத்தார்கள் அல்லவா. ஹஸேகாவா பெட்டியில் இருப்பதை அநேகமாக அப்படியே ஒட்டி, அந்த ஸ்குவாட்ரனின் வர்ணத்தை அடித்தால் அதுவும் பிரிட்டிஷ் பான்டம்தானே ஐயா, என்றார். அந்த வர்ணமே ஒரு தனி வியவகாரம். அமெரிக்காவில் பூசப்பட்ட அது, பிரிட்டிஷ் சாம்பலாக இருக்கவேண்டியதற்குப் பதிலாக நீலமும் பச்சையும் கலந்த ஒரு ஜாடையில் வந்து சேர, அது இன்ன நிறம் என்று அறுதியிட்டுச் சொல்ல இன்றுவரை இரண்டு பேர் ஒத்துப்போனதில்லை. நம் நண்பர் இளைஞரைக் கருணையோடு பார்த்தார். “அதில் அறுப்பதற்கு என்னப்பா இருக்கிறது?” என்றார்.

2017-ஆம் வருஷக் கடைசியில் ஏர்பிக்ஸ் கம்பெனியார் அதே அளவில், புத்தம் புதிய அச்சில், பிரிட்டிஷ் கடற்படைப் பான்டத்தைக் கிட்டாக வெளியிட்டார்கள். அகன்ற வாய், பெருத்த உடல், நீண்ட முன்கால், எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருந்தன. செய்தியைக் கேட்ட அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. இத்தனை வருஷ உழைப்பும் வீணாயிற்றே என்று துக்கப்படுகிறார் போலும் என எண்ணிய அவருடைய மனைவி, ஆறுதலாக இருக்கட்டும் என்று, தாமே கடைக்குப் போய் அந்தக் கிட்டை வாங்கி வந்து கொடுத்தார். அதைப் பிரித்துத் துண்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த அவருடைய முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. இரவு பத்து மணிக்கு மாடியிலிருந்து ரம்பத்தின் சப்தம் கேட்டது.

பிரிட்டிஷ் உடலின் நடுவில் இரண்டு மில்லிமீட்டரை அறுத்தெடுத்து, வாயைக் குறுக்கி, முன்காலைக் கட்டையாக்கி, அதை 74-ஆம் ஸ்குவாட்ரனின் எஃப்-4ஜே ஆக மாற்றிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் சுவரோரத்தில் ஹஸேகாவாவின் எஃப்-4ஜே பெட்டிகள் இன்னும் இரண்டு பிரிக்கப்படாமல் இருக்கின்றன. அவற்றைத் தொடுவதாக உத்தேசமில்லை. ஸ்பேக்கு இடம் கொடுப்பதற்காக அந்நாளில் வெட்டி எறிந்த அமெரிக்க எஞ்சினின் புகைவாய்கள் இரண்டும் இப்போது அவசரமாகத் தேவைப்படுகின்றன. ஒன்று உதிரிச் சாமான் டப்பாவில் அகப்பட்டுவிட்டது. மற்றொன்றைக் கம்பளத்தைச் சுருட்டிவிட்டு, டார்ச் விளக்கும் கையுமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.