ஒவ்வொரு முறையும் முதல் முறை

தமிழ்நாட்டுக் கல்லூரிகளே, அவற்றை ஆளும் உயர்கல்வித் துறையே, உங்களைப் போற்றாமல் இருக்க முடியாது. மற்ற மாநிலங்கள் திருநங்கையரைக் கண்டும் காணாமல் இருந்த காலத்தில் கண் திறந்து பார்த்தவர்கள் நாம். 2008 ஏப்ரல் 15-ஆம் நாள் அவர்களுக்கென நல வாரியம் அமைந்தது இங்கேதான். அதே ஆண்டில், கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவது கட்டமும் வந்தது. உச்ச நீதிமன்றம் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைய) வழக்கில் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது 2014-ல். நீதிமன்றத்தை ஆறு ஆண்டு முந்திக்கொண்ட பெருமை உங்களுடையது. இதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

அன்று தொடங்கி நீங்கள் நாட்டுக்குத் தந்த ‘முதல்’களை எண்ணினால் வியப்பாக இருக்கிறது. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் இடம்பெற்ற முதல் திருநங்கை கிரேஸ் பானு. மற்ற பிள்ளைகளோடு கலந்துவிடக் கூடாதென்று, தாமதமாக வந்து முன்கூட்டியே வீட்டுக்குப் போகும்படி பள்ளியில் நிபந்தனை விதித்ததை அவரே பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். அதையும் தாண்டி வந்தவர். சித்த மருத்துவம் படிக்க வந்த முதல் திருநங்கை தாரிகா பானு. மதிப்பெண் வரம்பைக் காட்டி முதலில் இடம் மறுக்கப்பட்டது. 2017-ல் அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், நீதிபதி சொன்ன பிறகுதான் அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் கதவு திறந்தது. ஆங்கிலத்தில் முனைவர் பட்டம் பெற்று, 2025-ல் சென்னை லயோலா கல்லூரியில் உதவிப் பேராசிரியரானார் ஜென்சி. முதலமைச்சரே வாழ்த்தினார். அவர் திருத்தணிக்காரர்.

மூன்றாவது கட்டம் அச்சான ஆண்டிலிருந்து பதினேழு ஆண்டு கழிந்த பின்னும் ‘முதல்’ என்ற சொல்லைப் புத்தம்புதிதாக வைத்திருக்கிறீர்களே, அதற்குத்தான் தனிப் பாராட்டு. இரண்டாமவர், பத்தாமவர், நூறாமவர் என்று வரிசை நீண்டிருந்தால் அது செய்தியாகியிருக்காது; மாலையும் பொன்னாடையும் நிழற்படமும் இருந்திருக்காது. அந்தப் புகழில் ஒரு பாதி, தனியாளாகப் போராடி உள்ளே வந்த அந்தப் பெண்களுக்கு உரியது. மறு பாதியை உங்களுக்கே தர வேண்டும். அவர்களுக்கு முன் ஒருவரையும் உள்ளே விடாமல் அந்த முதலிடத்தைக் காலியாக வைத்திருந்தவர்கள் நீங்கள் அல்லவா?

உங்கள் கொடைத்தன்மையையும் சொல்ல வேண்டும். 2024-25 நிதிநிலை அறிக்கையில், உயர்கல்வி படிக்க விரும்பும் திருநங்கையரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவித்தீர்கள். நகரப் பேருந்தில் பெண்களைப் போலவே அவர்களும் கட்டணமின்றிப் போகலாம் என்று 2021-லேயே சொல்லிவிட்டீர்கள். விடுதிக் கட்டணம் தயார். அந்தக் கட்டணத்தைக் கட்டி எந்த விடுதியில் தங்குவது என்பதுதான் மீதி. ஆண்கள் விடுதிக் காப்பாளர் பெண்கள் விடுதியைக் கைகாட்டுகிறார். பெண்கள் விடுதிக் காப்பாளர் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பணம் தர மனம் வந்த அரசுக்கு ஓர் அறை தர மனம் வராமலா போய்விடும்?

இட ஒதுக்கீட்டில் நீங்கள் காட்டிய பரிவைத் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு ஏரிக்கரையில் நின்று பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். நால்சா தீர்ப்பு, திருநங்கையரைச் சமூக ரீதியாகவும் கல்வியிலும் பின்தங்கியவர்களாகக் கருதி இட ஒதுக்கீடு தரச் சொன்னது. நீங்களும் தட்டாமல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் கொடுத்தீர்கள். அந்தக் கரையில் கோட்டைக்குப்பத்திலோ ஆண்டிகுப்பத்திலோ பட்டினவர் என்ற மீனவச் சமூகத்து வீட்டில் பிறந்த திருநங்கைப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். மீனவர் என்ற வகையில் அந்தப் பிள்ளை பிறந்த அன்றே மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கிறது. கையில் இருந்ததையே எடுத்து மறுபடியும் கையில் வைத்திருக்கிறீர்கள். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டதற்கும், பள்ளியைப் பாதியில் விட்டதற்கும், தெருவில் பட்ட கல்லடிக்கும் ஈடாக ஒரு மதிப்பெண்கூட இதில் இல்லை. 2024 ஜூனில் திருநங்கை ரக்ஷிகா ராஜ் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. எல்லாச் சமூகப் பிரிவுகளுக்குள்ளும் கிடைமட்டமாக ஒதுக்கீடு வேண்டும் என்றது. கர்நாடகம் 2021-லேயே அரசுப் பணிகளில் ஒரு விழுக்காடு அப்படி ஒதுக்கிவிட்டது. விண்ணப்பக் கட்டத்தில் எல்லோரையும் முந்திய நாம், வேறொருவர் முந்தவும் வழிவிட்டு நின்றிருக்கிறோம்.

சட்டத்தை மதிப்பதிலும் உங்களுக்கு நிகரில்லை. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் வந்தது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற எந்தக் கல்வி நிலையமும் பாகுபாடு இல்லாமல் மற்றவர்களுக்குச் சமமாகக் கல்வியும் விளையாட்டும் பொழுதுபோக்கும் தர வேண்டும் என்கிறது அதன் 13-ஆம் பிரிவு. ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது 11-ஆம் பிரிவு. சட்டத்தின் மேல் இருக்கும் மரியாதையால் அதைப் பத்திரமாக அலமாரியில் வைத்திருக்கும் கல்லூரிகள் எத்தனையோ. உங்கள் கல்லூரியில் அந்தப் புகார் அலுவலர் யார் என்று இன்றைக்கு ஒரு மாணவரைக் கேட்டுப் பாருங்கள். ராகிங் தடுப்புக் குழுவின் பலகை வாசலிலேயே இருக்கும். இந்த அலுவலரின் பெயர் எந்தச் சுவரில் இருக்கிறது?

முதல் பாடவேளையின் வருகைப் பதிவேட்டுக்கு வருவோம். பழவேற்காட்டிலிருந்து மீன் கூடைகளுக்கு நடுவே பேருந்தில் நின்றபடி பொன்னேரிப் பக்கம் படிக்க வருகிறாள் ஒரு பிள்ளை என்று வையுங்கள். சுடிதார் போட்டிருக்கிறாள், தலையை வாரிப் பின்னியிருக்கிறாள். ஆசிரியர் பதிவேட்டைத் திறக்கிறார். பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழில் இருந்த ஆண் பெயர் அப்படியே இதிலும் ஏறியிருக்கிறது. ஆசிரியர் அந்தப் பெயரைக் கூப்பிடுகிறார். “உள்ளேன் ஐயா” என்று சொல்ல அவள் எழ வேண்டும். வகுப்பே திரும்பிப் பார்க்கிறது. பின்வரிசையில் ஒருவன் சிரிக்கிறான். ஆசிரியர் நல்லவர், அவனை அதட்டுகிறார். அடுத்த பாடவேளைக்கு அடுத்த ஆசிரியர் வருகிறார், அதே பெயர், அதே சிரிப்பு. ஒரு நாளைக்கு ஐந்து முறை. கழிப்பறைக்குப் போக வழியில்லாததால் காலையில் வீட்டில் குடித்த தண்ணீரோடு சரி, மாலை ஊர் திரும்பும்வரை நாக்கை நனைப்பதில்லை. செமஸ்டர் முடிவதற்குள் அவள் வருவது நின்றுவிடுகிறது. பதிவேட்டில் மட்டும் தொண்ணூறு நாள் கணக்கு பிழையில்லாமல் இருக்கிறது. ‘வருகைக் குறைவு’ என்று எழுதித் தேர்வு எழுத விடாமல் நிறுத்துவதில் நீங்கள் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. உங்கள் சமத்துவம் அங்கே முழுமையாக இருக்கிறது.

குப்பத்தையும் விட்டுவிடக் கூடாது. புகழ் அவர்களுக்கும் உண்டு. பழவேற்காட்டு ஏரியை, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரியை, அடிதடி இல்லாமல் பங்கிட்டுக்கொள்ளப் பாடு முறை என்ற ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். எந்தத் தலைக்கட்டு, அதாவது எந்தக் குடும்பம், எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதற்கு முறை உண்டு. வலியவன் நல்ல இடத்தை வளைத்துக்கொள்ள முடியாது. ஆராய்ச்சியாளர்கள் வந்து எழுதி வைத்துவிட்டுப் போன நியாயம் அது. ஆனால் தலைக்கட்டு என்றால் ஆண்வழி. வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட பிள்ளைக்கு அந்த முறையில் ஒரு நாளும் வராது. ஏரியில் பாடு இல்லாத பிள்ளைக்கு மிச்சம் இருக்கும் ஒரே பாடு படிப்புதான். கடலும் வலையும் தராததைக் கல்லூரி தரட்டும் என்றுதான் அவள் அந்தப் பேருந்தில் ஏறினாள். ஏரிக்காரர்கள் ஒரு நாளை மறுத்தார்கள். நீங்கள் மூன்று ஆண்டுகளை மறுக்கிறீர்கள். அளவில் நீங்களே பெரியவர்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆண், பெண் அல்லாத ‘மற்றவர்’ என்று பதிவானவர்கள் 22,364 பேர். நாடு முழுவதும் அப்படிப் பதிவானவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 56 விழுக்காடு. பொது மக்களில் இது 74. இந்த இடைவெளியில்தான் உங்கள் வேலை கிடக்கிறது. அதை முடித்துத் தர வேண்டியவர் ஜென்சியும் அல்ல, கிரேஸ் பானுவும் அல்ல. அவர்கள் தங்கள் பங்கை முடித்துவிட்டார்கள்.

பொன்னேரியிலேயே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. மீன்வளம் கற்பிக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியும் இருக்கிறது. ஏரியை அறிந்த ஒரு குப்பத்துப் பிள்ளை படிக்க இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா? எனவே உங்களுக்கு இன்னொரு பாராட்டுரையும் எழுதிவிட ஆசை. அதற்குத் தேவையானவை சிலதான். அவள் சொல்லும் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும், சான்றிதழ் மாறும்வரை காத்திருக்கக் கூடாது. பூட்டிவைக்காத ஒரு கழிப்பறை. விடுதியில் ஒரு கட்டில். புகார் அலுவலரின் பெயர் எழுதிய ஒரு பலகை. எல்லாப் பிரிவுக்குள்ளும் கிடைமட்ட ஒதுக்கீடு தரும் ஓர் அரசாணை. இவற்றைச் செய்த ஆண்டில் எத்தனை திருநங்கையர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்று உங்கள் ஆண்டறிக்கையில் எண்ணாகப் போடுங்கள். ‘முதல்’ என்ற சொல் அதில் இல்லாமல் இருந்தால், இந்தக் கட்டுரையின் புகழெல்லாம் அன்று முதல் உண்மைப் புகழாகவே நிற்கும்.