ஆட்டோ, காண்டாமிருகம், லாரி

வாடா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. டாக்டருக்குப் படிக்கறவன் ராத்திரி பூராவும் ஒரே வார்த்தையைப் போட்டு அரைச்சுட்டு இருந்தயே, 'ஓடோரைனோலாரிங்காலஜிஸ்ட்'னு. உங்க அப்பத்தா உனக்குத் தொண்டையில என்னமோ சிக்கிக்கிச்சுன்னு சுக்குத் தண்ணி வெச்சுட்டா. எனக்கு, ஆட்டோவுக்கும் லாரிக்கும் நடுவுல காண்டாமிருகம் மாட்டிக்கிட்டுக் கத்தற மாதிரி இருந்துச்சு.

சிரிக்காதே. காண்டாமிருகம் நெசமாவே உள்ளே இருக்குது. கிரேக்கத்துல 'ரைனோ'ன்னா மூக்காமா. மூக்கு மேல கொம்பு இருக்கறதாலதான் அதுக்கு ரைனோசெரஸ்னு பேரு. 'ஓடோ' காது, 'லாரிங்க்ஸ்' குரல்வளை. இங்கிலீசுல எழுதறப்ப ரைனோவுல 'ஆர்' எழுத்துக்குப் பக்கத்துல ஒரு 'எச்' உக்காந்திருக்கும். அது வாயே தொறக்காது. கல்யாண ஊட்டுல பெரிய மாப்பிள்ளை மாதிரி சும்மா கவுரவத்துக்கு.

கரும்பை முழுசா வாயில வெப்பாங்களா? துண்டு துண்டா நறுக்கு: ஓ, டோ, ரை, னோ, லா, ரிங், கால், அ, ஜிஸ்ட். ஒம்பது அசை. 'லாரிங்கோ' தனி, 'லஜிஸ்ட்' தனின்னு பொருள் பிரிஞ்சு கெடக்க, ஓசை மட்டும் அங்கிருந்து 'கோ'வையும் இங்கிருந்து 'ல்'லையும் இழுத்து 'கால்'னு ஒட்ட வெச்சுடுது. எங்க வாத்தியார் இதை வகையுளிம்பார். வெண்பாவுல பண்ணுனா எங்க காதைத் திருகுவார். வெள்ளைக்காரன் பண்ணுனா உச்சரிப்புன்னு உனக்கு மார்க்குப் போடறாங்க!

காது, மூக்கு, தொண்டைக்கு நடுவுல கால் எப்படி வந்துச்சுன்னு கேக்காதே. ஏழாவது அசை அதுதான். கடைசியில இருந்து எண்ணுனா மூணாவது. முழுப் பாரத்தையும் அந்தக் கால் மேல போடு. மனுசனைத் தாங்கறதே கால்தானே? கார்டியாலஜி, நியூராலஜி எதுவானாலும் கடைசியில இருந்து மூணாவதுல மிதி. தப்பாது.

இத்தனையும் கத்துக்கிட்டுப் பரீட்சையில ஜோராச் சொல்லு. ஆனா ஊருக்குள்ள போர்டு மாட்டறப்ப மட்டும் 'காது, மூக்கு, தொண்டை'ன்னு எழுதிப்போடு சாமி. இல்லேன்னா காதுவலிக்கு வர்றவன், இது மாட்டாஸ்பத்திரியாக்கும்னு காளைமாட்டை ஓட்டிக்கிட்டு வந்து நிப்பான்.

சரி, சுக்குத் தண்ணியைக் குடி. ஆறுது பாரு.