ஆளறியும் மெஷின்

ஆளறிந்து வேலை தருவதைச் சொல்லும் தெரிந்து வினையாடல் அதிகாரத்தை வள்ளுவர் 10 குறளோடு முடித்துக்கொண்டார். பாவம், அவருக்கு ஸ்லைடு போடும் வசதி இல்லை. திருப்பூரில் 9 பேர் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி ஒன்று, மையர்ஸ்-பிரிக்ஸ் ஆளுமைத் தேர்வு வைத்து அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. மனித சுபாவம் மொத்தம் 16 வகையாம். மீதி 7 வகை இல்லாமல் இத்தனை நாள் எப்படித்தான் சரக்கு கப்பல் ஏறியதோ!

"நாளைக்கு அனுப்பிடறோம்ங்க" என்பதைக் குரல் நடுங்காமல் சொல்பவருக்கு டெலிவரிப் பொறுப்பு கிடைத்தது. எதைக் காட்டினாலும் முகம் சுளிப்பவர் செக்கிங் டேபிளுக்குப் போனார். முதல் நாளே முதலாளி போட்டிருந்த சட்டையை ரிஜெக்ட் செய்தார். என்ன ஒரு பொருத்தம்!

தலைமைப் பண்பு ஓவர்லாக் அக்காவுக்கு என்றும், சொன்னதைத் தட்டாமல் செய்பவர் முதலாளி என்றும் முடிவு வந்தது. அக்கா மட்டும் மறுதேர்வு எழுதுகிறார்.