முன்கண்ணாடி மாற்றிய முதல் நாள்: ஒரு திணை ஆய்வு

ஆய்வின் தேவை

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அந்தச் சாலையில் ஜல்லி லாரிக்குப் பின்னால் போன காரின் கண்ணாடி எப்படி விரிசல் விட்டது என்பது பற்றி டீக்கடைகளில் போதுமான ஆய்வு நடந்துவிட்டது. மாற்றிய கண்ணாடி முதல் நாளை எப்படிக் கடக்கிறது என்பதைத்தான் யாரும் தொடவில்லை. முதல், கரு, உரி என்னும் தொல்காப்பிய முறையில் இக்கட்டுரை அக்குறையைப் போக்குகிறது.

முதற்பொருள்

நிலம்: மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம், ஒரு முனையில் நூற்பாலை, மறுமுனையில் கோபுரம். ஆண்டாள் மாலை சூடி அழகு பார்த்ததாகச் சொல்லப்படும் கண்ணாடிக் கிணறு ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் உள்ளது. அதற்கு டேப் ஒட்டத் தேவையில்லாததால் அது நம் ஆய்வெல்லைக்கு வெளியே நிற்கிறது.

பொழுது: கண்ணாடி ஒட்டிய நேரம் தொடங்கி மறுநாள் அதே நேரம் வரை.

கருப்பொருள்

தெய்வம், டாஷ்போர்டுப் பிள்ளையார். உணவு, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா. விலங்கு, ராஜபாளையம் நாய். காரை அந்நியர் எவரும் தொடவிடாது என்பதால், புதுக் கண்ணாடியைப் பராமரிக்கும் முழுத் தகுதி இவ்வட்டாரத்தில் அதற்கு மட்டுமே உண்டு.

முன்கண்ணாடி என்பது உண்மையில் இரண்டு கண்ணாடித் தகடுகளும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஏடும். கீழே விழுந்த குடுவை ஒன்று, உள்ளே படிந்திருந்த படலத்தால் சிதறாமல் விரிசலோடு நின்றதைக் கண்டு, பிரெஞ்சு வேதியியலாளர் எடுவார் பெனடிக்டஸ் இந்த வழியைப் பிடித்தார். 1909இல் காப்புரிமையும் பெற்றார். முன்கண்ணாடியைக் காரின் உடம்போடு பிடித்து வைப்பது பாலியூரித்தேன் பசை. இது வெயிலில் காய்வதில்லை. காற்றின் ஈரத்தைக் குடித்து இறுகுகிறது. அதுவும் வெளியிலிருந்து உள்நோக்கி, நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர்தான். ஆகவே சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு 'சுருக்கா காஞ்சிரும்' என்பது பிழைபட்ட கொள்கை.

பறை: கதவு சாத்தும் ஓசை. எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு ஒரு கதவை அடித்துச் சாத்தினால், உள்ளே அடைபட்ட காற்று வெளியேற இடம் தேடி, இறுகாத பசையோடு நிற்கும் முன்கண்ணாடியை வெளியே தள்ளும். ஒட்டு அங்கே விலகினால், அடுத்த மழையில் டாஷ்போர்டுக்குள் தண்ணீர் இறங்கும். "சார், இன்னைக்கு ஒரு நாள் கண்ணாடிய ஒரு வெரக்கட எறக்கியே வச்சிருங்க, கதவ அடிச்சுச் சாத்தாதீக" என்மனார் ஒட்டியவர்.

நன்னூலார் மாணாக்கரைப் பிரித்தது போல, கதவு சாத்துவோரையும் மூன்றாகப் பிரிக்கலாம். கண்ணாடியை இறக்கிவிட்டு, உள்ளங்கையால் அழுத்திச் சாத்துவோர் தலை. மெதுவாகச் சாத்திவிட்டு, மனம் கேட்காமல் திறந்து மறுபடி அடிப்போர் இடை. புதுக் கண்ணாடியைப் பார்க்கவென்றே வந்து, உள்ளே உட்கார்ந்து, "மாப்ள, சூப்பரா இருக்குடா" என்று இறங்கி, ஊர் கேட்க அறைவோர் கடை.

உரிப்பொருள்

இருத்தலும் இருத்தல் நிமித்தமும். ஆகவே இது முல்லைத் திணை. காடும் மழையும் அதற்கு உரியவை. பசைக்கும் ஈரமே உணவு. முல்லைக்குரிய கார்காலம் ஆவணி, புரட்டாசி. இங்கே பெருமழை கொட்டுவதோ ஐப்பசி, கார்த்திகை. இந்த இரண்டு மாத முரண்பாட்டைப் பின்வரும் ஆய்வாளர் தீர்த்துக்கொள்க.

பணத்தைப் பிரிந்ததால் பாலைத் திணை என்பாரும் உளர். வாகனக் காப்பீட்டில் கண்ணாடிக்குப் பொதுவாகத் தேய்மானம் கழிப்பதில்லை என்பதால் அக்கூற்றை மறுக்கிறோம்.

தலைவி தலைவனுக்காக இருப்பது போல உரிமையாளர் பசைக்காக இருக்க வேண்டும். இருக்க விடாதவர் பலர். ஓரத்து டேப் அசிங்கமாக இருக்கிறதென்று பிய்க்கும் மச்சான். டேப்தான் பசை இறுகும்வரை ஓரப் பட்டையை நகராமல் பிடித்திருக்கிறது. கண்ணாடிக்குத் திருஷ்டி கழித்து, மல்லிகைச் சரத்தை அந்தப் பட்டைக்குள்ளேயே செருகும் அத்தை. பளபளக்கட்டும் என்று வாட்டர் சர்வீசுக்கு ஓட்டிப் போகும் தம்பி; மழை நனைத்தால் குற்றமில்லை, பீய்ச்சியடிக்கும் தண்ணீர்தான் இரண்டு நாளுக்கு ஆகாது. வெயிலில் கொதித்த கண்ணாடிமேல் முழு ஏசியைத் திருப்பிவிடும் சித்தப்பா. இவர்கள் எல்லோருக்கும் காரின்மேல் உள்ள பாசம் மெய்யானது. பசைக்கு வரும் கேடும் அந்தப் பாசத்தால்தான்.

ஒரு நாள் இருப்பதால் என்ன பயன் எனின்: முன்பக்கம் அமர்ந்தவருக்கான ஏர்பேக், விரியும்போது பெரும்பாலும் முன்கண்ணாடியில் முதுகு சாய்த்துத்தான் நிற்கிறது. கண்ணாடி பெயர்ந்தால் அதற்குப் பிடிமானம் இல்லை.

முடிவு

புதுக் கண்ணாடிக்குச் செய்ய வேண்டிய பராமரிப்பு, ஒன்றும் செய்யாதிருத்தல். டேப்பைத் தொடாதீர்கள், கதவை அடிக்காதீர்கள், குண்டும் குழியுமான பாதையில் விரட்டாதீர்கள். பழைய வைப்பரைக் கொண்டு புதுக் கண்ணாடியைக் கீறாதீர்கள். கறுப்பு ஃபிலிம் ஒட்டும் எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள். உச்ச நீதிமன்றம் 2012இலேயே தடுத்துவிட்டது.

ஒன்று மட்டும் உடனே செய்ய வேண்டும். பழைய ஃபாஸ்டேக் பழைய கண்ணாடியோடு போய்விட்டது. வங்கியில் கேட்டுப் புதிது வாங்கி ஒட்டாமல் மதுரைக்குக் கிளம்பினால், கப்பலூர் சுங்கச்சாவடியில் கூடுதல் கட்டணம்.