மேசைக்கு அடியில் இருந்த இணையம்

"நெட் ரொம்ப ஸ்லோ" என்று யாராவது சொன்னால் இன்று அவரவர் திரையை அவரவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். தொண்ணூறுகளின் கடைசியில், திருவல்லிக்கேணியில் எங்கள் சின்ன டிடிபி அலுவலகத்தில் அந்தக் குரல் எழுந்ததும், மொத்தப் பேரும் மேசைக்கு அடியில் குனிவோம். கறுப்பு கோஆக்ஸியல் கேபிள் ஒன்று கணினிக்குக் கணினி டி-கனெக்டரைத் தொட்டபடி அறையைச் சுற்றி ஓடும். இரு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர் இருக்கும். நடுவில் ஒரு இணைப்பு தளர்ந்தாலும் அத்தனை கணினிகளும் ஊமையாகிவிடும். பாதி வழியில் டெர்மினேட்டரை மாட்டி, இந்தப் பக்கம் பேசுகிறதா என்று பார்த்து, பேசாத பக்கத்தை மறுபடி இரண்டாக்கி, கடைசியில் அந்தத் தளர்ந்த கனெக்டரை விரலால் திருகி இறுக்கும்போது கிடைத்த நிறைவு, அந்தக் காலத்தில் வேலை பார்த்த உங்களுக்கும் நினைவிருக்கும்.

1995 ஆகஸ்ட் 15-இல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது இருந்த 9.6 கிலோபிட் வேகத்தில் ஒரு எம்பி படம் வந்து சேரக் கால் மணி நேரம் ஆகும். பின்னால் 56 கிலோபிட் மோடம் வந்தது. விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு வந்தபின் அந்த ஒரே இணைப்பை அலுவலகமே பங்குபோட்டது. மழை பெய்து தொலைபேசிக் கம்பி இரைந்தால் மோடம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாங்களும் டீக்கடைக்கு இறங்கிவிடுவோம்.

பிறகு மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவிலிருந்து ஒரு ஹப் வந்தது. ஒருவர் அனுப்புவதை எல்லா போர்ட்டுக்கும் கொட்டும் பெட்டி அது. இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் தகவல்கள் மோதும், அதற்கென்று இருந்த விளக்கு மின்னும். விளக்கு ஓயாமல் மின்னினால் "யாருப்பா பெரிய ஃபைல் அனுப்புறது?" என்று கேட்போம். "நான்தான் சார், அட்டைப் படம், ரெண்டே நிமிஷம்" என்று மூலையிலிருந்து பதில் வரும். நெரிசலுக்கு அன்று ஒரு முகம் இருந்தது.

இப்போது ஸ்விட்ச் உரியவருக்கு மட்டுமே அனுப்புகிறது, மோதல் இல்லை. ஃபைபரில் 100 மெகாபிட், அந்தப் பழைய 9.6 கிலோபிட் வேகத்தைப் போல ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு. ஆனாலும் காணொலிக் கூட்டத்தில் குரல் திக்குகிறது. மேசை மேல் கிடக்கும் கைபேசிகள் சத்தமில்லாமல் புகைப்படங்களை மேலேற்ற, ரௌட்டரின் நினைவகத்தில் நீண்ட வரிசை சேர்ந்து, அதன் வாலில் நம் குரல் நிற்கிறது. கணினி நிரலாளர் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பில் கண்டுபிடித்து 'பஃபர்புளோட்' என்று பெயரிட்ட தொல்லை இது. அந்த வரிசையைக் குட்டையாக வைத்திருக்க, கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் கோடெல் என்ற முறையைத் தந்தார்கள்.

கண்டுபிடிக்கும் வழி என்னவோ அந்தப் பழைய பாதிப் பாதி வழிதான். வைஃபையை விட்டு கேபிளில் வந்து, பதில் வர ஆகும் நேரத்தை அளக்க முதலில் ரௌட்டருக்கு ஒரு பிங், பிறகு வெளியே ஒரு பிங். யாரோ பெரிய கோப்பை ஏற்றும்போது மட்டும் வெளியே போவது இழுத்தடித்தால் குற்றம் அந்த வரிசையில் இருக்கிறது. மேலேற்றும் வேகத்தை ரௌட்டரிலேயே இணைப்பின் அளவுக்குச் சற்றுக் கீழே கட்டிவிட்டால் பெரும்பாலும் குரல் தெளிந்துவிடும். அதற்கு முன், அறையைப் பார்த்து ஒரு தடவை உரக்கக் கேளுங்கள்: "யாருப்பா பெரிய ஃபைல் அனுப்புறது?" எந்தக் கருவியையும்விடச் சீக்கிரம் விடை சொல்லும் கேள்வி அது, கேட்கும் பழக்கத்தைத்தான் நாம் விட்டுவிட்டோம்.